மச்சில் ஒரு ரயில் பாதை

கல்யாணம் முடிந்து என்னைப் புகுந்த வீட்டில் கொண்டுவிட அப்பாவோடு நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் ரயில்வேக்காரர்கள். திருநெல்வேலி வரை ரயிலில் கால் நீட்டி வந்தவர்கள், அங்கிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு பஸ், நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு இன்னொரு பஸ் என்று மாறி, உடம்பெல்லாம் செம்மண் புழுதியோடு இறங்கினார்கள். பத்மநாபபுரம் கோட்டைச் சுவருக்கு வெளியே, வேளிமலையைப் பார்த்தபடி இருந்தது வீடு. பந்தியில் உட்கார்ந்ததும் அவர்களில் கார்டாக இருந்தவர் சத்தமாகவே கேட்டார்: "ஏ, இந்த ஊர்ல ஒரு தண்டவாளம்கூட கிடையாதாம்லா. பிள்ளைய இங்கயா குடுத்த?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. எனக்கு வயது பத்தொன்பது.

அப்பா திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வாசலில் நின்று துப்பினால் தண்டவாளத்தில் விழும். அம்மா இல்லாத வீடு. கைகாட்டி இறங்கியதும் உலையில் அரிசி போடுவேன். வண்டி கிளம்பியதும் அப்பா சாப்பிட வருவார். அந்த ஸ்டேஷனில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, எது நிற்கும், எது நிற்காமல் போகும், எந்த என்ஜின் இருமும், எந்த டிரைவர் விசிலை இழுத்து ஊதுவார் என்பதெல்லாம் எனக்குப் பாடம். எட்டாவது வரை படித்ததைவிட அதை நன்றாகப் படித்திருந்தேன்.

புகுந்த வீட்டில் மூன்று பேர். மாமனார், என் கணவர், கணவரின் தங்கை. மாமியார் இறந்து ரொம்ப வருஷம். கணவருக்குக் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கல்யாணத்துக்காக மூன்று மாத லீவில் வந்திருந்தார். அந்த மூன்று மாதமும் அவர் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. விடிகாலையில் நான் காரணமில்லாமல் எழுந்து உட்கார்வதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

"எதுக்கு இப்பிடி எந்திரிச்சு இருக்க? வல்லதும் சொப்பனம் கண்டியா?"

"இல்ல. இந்நேரம் கூட்ஸ் போகும். சத்தம் கேக்கலன்னா முழிப்பு வந்துருது."

அவர் சிரிக்கவில்லை. கொழும்பில் ஒரு பெரிய கடையின் கண்ணாடி ஜன்னலில் தான் பார்த்த பொம்மை ரயிலைப் பற்றிச் சொன்னார். மலை, குகை, பாலம், ஸ்டேஷன் எல்லாம் வைத்து ஒரு அறை அளவுக்குக் கட்டியிருந்தார்களாம். கூட்டம் நின்று பார்க்குமாம். "ஒனக்கு அப்பிடி ஒண்ணு செய்து தாறேன். மச்சு சும்மாதானே கெடக்கு. முழுசும் தீவண்டி ஓடட்டும்." இந்த ஊரில் ரயிலைத் தீவண்டி என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் அன்றைக்குத்தான் பிடித்தது.

ஆகவே கனவு என்னுடையது அல்ல. அவர் கொடுத்தது. இதைச் சொல்லிவிட வேண்டும்.

கொழும்புக்குத் திரும்பிய ஒரு வருஷம் கழித்து ஒரு புத்தகம் அனுப்பினார். பொம்மை ரயில் விற்கும் கம்பெனியின் படப் புத்தகம். வழவழப்பான தாளில் பச்சை என்ஜின், சிவப்பு என்ஜின், வளைந்த தண்டவாளம், நேர் தண்டவாளம், கைகாட்டி, தண்ணீர்த் தொட்டி. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் படம் போதுமே. சாவி கொடுத்தால் ஓடும் என்ஜின் ஒன்றுக்கு அவர் மையால் வட்டம் போட்டிருந்தார். கூடவே கடிதம்: "நீ மலையும் ஆறும் கட்டத் தொடங்கு. ரயிலை நான் கொண்டு வருகிறேன்."

மச்சு என்பது வீட்டின் மேல்தட்டு. பலகை பாவிய தரை, சரிந்த ஓட்டுக் கூரை, வேளிமலைப் பக்கம் பார்க்க ஒரு ஜன்னல். முன்பு நெல் போட்டு வைத்திருந்தார்கள். மாமனாரிடம் கேட்டபோது, "பொண்ணு மச்சுல ஏறி என்ன செய்யப் போறா? செரி, எலி வராம இருந்தா செரி" என்றார். நானும் நாத்தனாரும் இரண்டு நாள் அதைக் கழுவித் துடைத்தோம்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஒரு வயது இளையவள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. மச்சுக்கு ஏறும் மரப்படிகளில் ஒவ்வொன்றாக, முதலில் நல்ல காலை வைத்து, பிறகு மற்றதைக் கையால் தூக்கி வைத்து ஏறுவாள். நான் கை கொடுத்தால் பிடிக்காது. "நான் ஏறிக்கிடுவேன் மைனி, நீ முன்னால போ." அண்ணியை அங்கே மைனி என்பார்கள். தக்கலைச் சந்தையைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை. ரயிலைப் படத்தில் தவிரப் பார்த்ததில்லை. ஆனால் அவள் கைகளைப் போன்ற கைகளை நான் பார்த்ததில்லை. தென்னை ஈர்க்கிலை நீளவாக்கில் நாலாகக் கிழிப்பாள். நாலும் ஒரே பருமன் இருக்கும்.

என்ன பாதை போடுவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அப்பாவின் ஸ்டேஷனில் தொடங்கி, திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்து, தோவாளை, நாகர்கோவில், தக்கலை. அப்படி ஒரு பாதை அன்று பூமியில் கிடையாது. பல வருஷம் கழித்துக் கிட்டத்தட்ட அதே வழியில் நிஜமாகவே போட்டார்கள். தக்கலையை மட்டும் விட்டுவிட்டு இரணியல் வழியாகக் கொண்டுபோனார்கள்.

மலை செய்யத்தான் ரொம்ப நாள் பிடித்தது. பழைய பத்திரிகைகளை ஊறவைத்து, வெந்தயமும் சேர்த்து இடித்து, மரச்சீனிக் கிழங்கு மாவில் காய்ச்சிய பசையோடு பிசைவோம். உள்ளே பலம் கொடுக்கத் கதம்பல், அதாவது தேங்காய் மட்டை. மேலே அந்தக் கூழை அப்பிக் காயவிட்டால் கல் மாதிரி ஆகும். முதல் மழைக்காலத்தில் பணகுடிக்குப் பக்கத்தில் நிறுத்திய மகேந்திரகிரி மலை முழுக்கப் பூசணம் பிடித்து நாறியது. பெயர்த்துப் போட்டுவிட்டு மறுபடி செய்தோம். தென்னை மட்டையின் அடியில் வலை போலிருக்கும் சில்லாட்டையைப் பச்சைச் சாயத்தில் முக்கி வயல்கள். உடைந்த கண்ணாடியின் கீழே நீலத் தாள் ஒட்டித் தாமிரபரணி. "எங்க ஊர்லயும் குழித்துறையில ஓடுகதுக்கு அதே பேருதான் மைனி" என்றாள் நாத்தனார். "ரெண்டையும் போட்டுருவோமா?" குழித்துறை எங்கள் பாதைக்கு அப்பால் இருந்தது. ஆனாலும் அவளுக்காகச் சுவரோரம் இன்னொரு தாமிரபரணி ஓடியது.

ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூருக்குள் நுழைகிறவர்களைச் சோதிக்கும் சவுக்கை ஒன்று உண்டு. அதை எங்கே வைப்பது என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டோம். "தீவண்டி நிக்காம போச்சுன்னா, உள்ள இரிக்கவன ஆரு பரிசோதிப்பா?" என்று அவள் கேட்டாள். கடைசியில் தீப்பெட்டி அட்டையில் ஒரு சவுக்கை செய்து, அங்கே ஒரு கைகாட்டியும் வைத்து, எல்லா வண்டியும் நின்றுதான் போக வேண்டும் என்று தீர்மானித்தோம்.

அக்கம்பக்கத்தில் பேசினார்கள். பிள்ளை இல்லாத ஏக்கத்தில் பொம்மை செய்கிறாள் என்றாள் ஒருத்தி, என் காதில் விழும்படி. நாத்தனார் வாசல் படலை வரை நொண்டிப் போய், "ஒம் பேரப்பிள்ளைக்கு மூக்கைத் துடைச்சு விடு, அத முதல்ல செய்யி" என்று சொல்லிவிட்டு வந்தாள். எனக்காக ஒருவர் வாசலில் நின்று சண்டை போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கல்யாணமான மூன்றாம் வருஷம் கணவர் வந்தார். பெட்டியை இறக்கியதும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரயில் இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறக்க விடவில்லை, ஏதோ சீட்டு வேண்டுமாம், திரும்பவும் கொழும்புக்கே அனுப்பிவிட்டேன் என்றார். அவரே வருத்தப்பட்டதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. மச்சுக்கு வந்து பார்த்தபோது அவர் முகம் மாறியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தார். ஈர்க்கிலால் நாங்கள் தற்காலிகமாகப் போட்டிருந்த தண்டவாளத்துக்குச் சரியாகக் கண்ணை வைத்துப் பார்த்தார். "இந்த வளைவு ரொம்ப ஒடுக்கம். என்ஜின் கவுந்துரும். இன்னும் ஒரு முழம் அகட்டணும்" என்றார். "எப்படித் தெரியும்?" என்றேன். "அங்க ஓட்டிப் பாத்தேன்லா" என்றார்.

அவர் போன பிறகு நான் கடிதத்தில் அளவுகள் கேட்டேன். தண்டவாளத்தின் அகலம் என்ன? புகைபோக்கி வரை உயரம் எவ்வளவு? குகை வாசலை எவ்வளவு பெரிதாக வெட்டலாம்? ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒன்றேகால் அங்குலம். உயரம் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சாவிக்கு அறையை ஐந்து தடவை சுற்றுகிறது. வளைவில் கடைசிப் பெட்டி சாய்கிறது. அதில் ஒரு கனமான பித்தான் வைத்தால் சாயவில்லை. சிமெண்டுத் தரையைவிடப் பாய் மேல் சத்தம் குறைவு. நான் அந்தக் கடிதங்களை நாத்தனாருக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் கத்தரியை வைத்துவிட்டுக் கேட்பாள். பித்தான் விஷயத்தைக் கேட்டு இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அவரும் சின்னப் பிள்ளை மாதிரி அங்கே உட்கார்ந்து விளையாடுகிறார் பார் என்று நான்தான் சொன்னேன்.

மாமனாருக்கும் தனியாகக் கடிதம் வரும். அவருக்குக் கண்ணில் புரை. தொழுவத்துப் பக்கம் உட்கார்ந்து மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பெற்ற மகள் இருக்கும்போது மருமகளை எதற்கு வாசிக்கச் சொல்லப் போகிறார்? நான் அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

ஐந்தாம் வருஷம், ஆடி மாதம். சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகல். திருவிதாங்கோட்டிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். அவர் கணவருக்குக் கொழும்பில் கடை. மகள் பிரசவத்துக்காக ஊருக்கு வந்தவர், என் கணவர் கொடுத்தனுப்பிய சோப்பும் சீலைத் துணியும் கொண்டு வந்திருந்தார். மாமனார் வயலுக்குப் போயிருந்தார். காப்பி குடித்து முடித்ததும், "அந்தத் தீவண்டி மச்ச எனக்குக் காட்டாம அனுப்பிராத மக்கா" என்றார். மூச்சு வாங்கப் படியேறினார். பின்னால் நாத்தனாரும் ஏறி வந்தாள்.

மச்சைப் பார்த்ததும் அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "எம்மாடி! இதுதானா அது! ஊர்ல எங்க வீட்டுக்காரி மச்சு முழுக்க மலை கட்டிப் போட்டிருக்கான்னு ஒன் மாப்பிள சொல்லிக்கிட்டே இரிப்பாவ. நான் பொய்யின்னுல்லா நெனச்சேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. "அங்க ரயிலைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"பாக்காமயா? எங்க முடுக்குலதானே அவிய வீடு. சாயங்காலம் ஆச்சுன்னா கிர்ருன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இரிக்கும். பய விடமாட்டான். சாவி குடுத்துக் குடுத்துக் கை வலிச்சுப்போய் அழுவான். பெறவும் ஓட்டுவான்."

"எந்தப் பையன்?"

"அது அடுத்த வீட்டுப் பிள்ளையாக்கும் மைனி" என்று நாத்தனார் சொன்னாள். "அண்ணன் அதுக்கு விளையாடக் குடுக்கும்."

நான் கேட்டது அந்த அம்மாளை. பதில் சொன்னவள், தக்கலைச் சந்தையைத் தாண்டிப் போகாதவள். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அடுத்த வீட்டுப் பிள்ளையா? அப்பன் மூக்கை அப்பிடியே பிச்சு வச்ச மாதிரி..." என்று தொடங்கிய அந்த அம்மாள் பாதியில் நிறுத்தினார். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அல்லாவே" என்றார் மெதுவாக. "ஒனக்குத் தெரியும்னுல்லா மக்கா நான் வாயத் தொறந்தேன். எல்லாரும் அறிஞ்ச காரியம்னு..."

"அவனுக்கு என்ன வயசு?"

"அஞ்சு ஆவும்."

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. என் கழுத்தில் தாலி ஏறியபோது அங்கே ஒருத்தி வயிற்றில் அந்தப் பிள்ளை இருந்திருக்கிறது.

அந்த அம்மாள் குடையைக்கூட விரிக்காமல் சாரலில் நடந்து போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஐந்து வருஷத்தில் என்னிடம் நிஜத்தைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான், அதுவும் தெரியாமல்.

மச்சில் நாங்கள் இருவரும் இருந்தோம். கேட்பதற்கு எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது.

"எப்ப தெரியும்?"

அவள் கீழே கிடந்த கத்தரியை எடுத்து ஓரமாக வைத்தாள். மறுபடி கேட்டேன்.

"நீ வந்த மறு வருஷம்" என்றாள். "அப்பாக்கு எழுதின காயிதத்துல இருந்துச்சு. நாந்தான் வாசிச்சேன்."

"மச்சு கழுவுறதுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

"அப்போ இந்த மலை கட்டும்போதெல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பித்தான் வச்ச கடுதாசிய நான் வாசிச்சப்போ?"

அவள் அழ ஆரம்பித்தாள். "நான் என்ன செய்யட்டும் மைனி? பறஞ்சா நீ அண்ணைக்கே ஒங்கப்பா வீட்டுக்குப் போயிருவ. நீ போயிட்டா எனக்கு ஆரு இரிக்கா? இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? இந்த மச்சு ஏறி வந்தாத்தான் எனக்கு உசிரு வரும். நீ சிரிக்கது காணணும்னு இருந்துட்டேன்."

கணவர் பொய் சொன்னாரா என்று கேட்டால், கடிதங்களில் அவர் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. ரயில் ஓடியது, வளைந்தது, சாய்ந்தது, பித்தான் வைத்ததும் சாயாமல் ஓடியது. எந்த வீட்டுத் தரையில், யார் சிரிப்பதற்காக என்பதை மட்டும் எழுதவில்லை. அவர் என்னோடு மொத்தம் நாலு மாதம் வாழ்ந்தவர். இவளோ என் தட்டில் சாப்பிட்டவள். அவருடைய துரோகம் தூரத்தில் எங்கோ நடந்தது. இவளுடையது என் கண் முன்னால், ஒவ்வொரு மத்தியானமும், கத்தரியும் கையுமாக உட்கார்ந்து நடந்திருக்கிறது. நான் அன்று ஆறுதல் சொல்லவில்லை. அவளைத் தொடக்கூட இல்லை. கீழே இறங்கி அடுப்பைப் பற்ற வைத்தேன்.

மறுநாள் காலை மாமனாரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "கட்டி வச்சா அங்க உள்ளவள விட்டுருவான்னு நெனச்சேன். விடல்ல. அதுக்கு நான் என்ன செய்ய? ஒனக்கு அவன் என்ன கொறை வச்சான் சொல்லு. சோறு இரிக்கி, துணி இரிக்கி. தீவண்டிதானே வேணும்? அதும் ஒனக்கு ஒண்ணு வாங்கித் தருவான்."

என்னை எதற்குக் கட்டிக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. ஒரு ஆளைக் கொழும்பிலிருந்து இழுக்கப் போட்ட கயிறு நான். இழுக்க முடியவில்லை, கயிறு சும்மா கிடந்தது.

கணவருக்கு ஒரு வரி எழுதினேன். பையனைப் பற்றித் தெரியும் என்று மட்டும். பதில் கடிதமாக வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்துத் தூத்துக்குடியிலிருந்து ஒரு ஆள் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டு வந்து இறக்கினார். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் பச்சை என்ஜின், நாலு பெட்டி, கட்டுக்கட்டாகத் தண்டவாளம். மேலே மடித்த சீட்டு: "இது உனக்கென்றே புதிதாக வாங்கியது. வேறு யார் கையும் படவில்லை."

அப்படியானால் துறைமுகத்தில் தடையும் இல்லை, சீட்டும் வேண்டியதில்லை.

பெட்டியை அப்படியே மூடித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் என்று பிறகு பலரும் சொன்னார்கள். நான் அனுப்பவில்லை. இரண்டு நாள் தனியாக மச்சில் உட்கார்ந்து ஈர்க்கில்களைப் பிடுங்கிவிட்டுத் தண்டவாளத்தைப் பூட்டினேன். ஒரு இடத்தில்கூட எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. குகை வாசலில் உரசவில்லை. பாலத்தில் தட்டவில்லை. வேறொரு வீட்டில் அளந்து அனுப்பிய அளவுகள் அவ்வளவு சரியாக இருந்தன. சாவி கொடுத்து விட்டேன். அப்பாவின் ஸ்டேஷனிலிருந்து கிளம்பிக் கணவாயைத் தாண்டித் தக்கலை வரை நிற்காமல் வந்தது. நன்றாகவே ஓடியது. ஓடாமல் கவிழ்ந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருப்பேன்.

கீழே படிக்கட்டில் நாத்தனார் நல்ல காலை முதல் படியில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் கூப்பிடுவேன் என்று அங்கேயே நின்றிருப்பாள். நான் கூப்பிடவில்லை.

மறுநாள் என் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாமனார் தடுக்கவில்லை. நாத்தனார் உள்ளறையில் இருந்தாள். அப்பாவின் குவார்ட்டர்ஸை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அப்பா என் மூட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "கையக் கழுவிட்டு வா, சோறு இருக்கு" என்றார். என்ன ஏது என்று ஒரு வாரம் கேட்கவில்லை. நானே சொன்னபோது, அன்றைக்குக் கார்டு சொன்னதை நினைத்தாரோ என்னவோ, "தப்பு என்னுது" என்றார். அவ்வளவுதான். திருநெல்வேலியில் ஆசிரியப் பயிற்சிக்கு என்னைச் சேர்த்துவிட்டார். இரண்டு வருஷத்தில் முடித்து, எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

தக்கலைப் பக்கமெல்லாம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டதாகப் பத்திரிகையில் வந்த சில வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் வண்டி வந்து நின்றதும் அப்பா பிளாட்பாரத்திலிருந்து குரல் கொடுத்தார். பின்வாசல் வழியாக ஓடினேன். பெண்கள் பெட்டியின் வாசலில் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைக் கையால் தூக்கி வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

தனியாக வந்திருந்தாள். இரண்டு பஸ் மாறி, ஒரு ரயில் ஏறி. வாழ்க்கையில் முதல் ரயில். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் அவள் உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. "உள்ள இரிக்கும்போ மரமெல்லாம் பின்னால ஓடுகு மைனி. நீ சொன்னப்ப நான் நம்பல்ல" என்றாள். மூன்று வருஷமாக எனக்குள் கெட்டியாக இருந்த ஏதோ ஒன்று அசைந்தது. எனக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மீன் வாங்கிவரச் சொல்லி அப்பாவை அனுப்பினேன். அவளுக்குப் பிடித்த மாதிரி தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன்.

சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபின் அவள் சொன்னாள்.

"அண்ணன் வந்திருக்கு. பயலையும் கொண்டு வந்திருக்கு. அவனுக்க அம்மை இறந்துபோச்சு."

நான் தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

"எட்டு வயசாச்சு. நம்ம பேச்சே முழுசா வரல்ல. ஒரே அழுகை. ஒரு பொம்பளை வீட்டுல வேணும்லா மைனி. நீ வந்தா எல்லாம் செரியாயிரும்னு அண்ணன் சொல்லிச்சு. நீ நான் சொன்னாத்தான் கேப்பன்னு..."

"அவர் அனுப்பித்தான் வந்தியா?"

அவள் தலையை வேகமாக ஆட்டினாள். "இல்ல. ஒன்னப் பாக்கணும்னுதான் வந்தேன். மூணு வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன். அண்ணன் சொன்னது ஒரு சாக்கு. அது சொல்லல்லன்னா அப்பா என்ன விட மாட்டாரு. சத்தியமா மைனி."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையாக இருக்கலாம். இருந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்று, இதே முகம் கடிதங்களைக் கேட்டு என்னோடு சிரித்ததும் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தச் சிரிப்புக்கும் இந்தக் கண்ணீருக்கும் என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தும் முடியவில்லை.

"அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோவம் இல்ல" என்றேன். "நல்லாப் பாத்துக்கோ. நான் வரமாட்டேன்."

"என் மேலயா கோவம்?"

"தெரியல" என்றேன். அது உண்மை.

சாயங்கால வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதுவரை அவள் என்னிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டாள். எத்தனை பிள்ளைகள், அடிப்பேனா என்றெல்லாம். நான் பதில் சொன்னேன். அப்பா டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஸ்டேஷனில் பிளாட்பாரம் தாழ்வு, பெட்டியின் படி உயரம். அவள் நல்ல காலை வைத்துவிட்டு மற்றக் காலைத் தூக்கத் திணறியபோது, கேட்காமலே அவள் முழங்கைக்குக் கீழே கை கொடுத்து ஏற்றிவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று பார்த்தேன். கிடைத்திருந்தது. வண்டி நகர்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமைக்குத் திருத்த வேண்டிய நோட்டுகள் நிறைய இருந்தன.